சூழ்ச்சி என்றால் ஆழ்ந்த யோசனை

புறநானூற்றில் கடவுள் வாழ்த்தை ஒதுக்கிவிட்டால் முதலில் நிற்பது முரஞ்சியூர் முடிநாகராயர் பாடிய பாட்டு. சேரமான் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதனைப் பற்றியது. நிலம், வானம், காற்று, தீ, நீர் என்று ஐந்து பூதங்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, அவற்றின் இயற்கை போல உன்னிடம் ஐந்து குணங்கள் இருக்கின்றன என்கிறார் புலவர்:

'போற்றார்ப் பொறுத்தலும் சூழ்ச்சியது அகலமும்
வலியும் தெறலும் அளியும் உடையோய்.'

வரிசைப்படி பொருத்திப் பாருங்கள். நிலத்துக்குப் பொறுமை. காற்றுக்கு வலிமை. தீக்கு அழிக்கும் ஆற்றல். நீருக்கு இரக்கம். நடுவில் விட்டுப்போன வானத்துக்கு? சூழ்ச்சி. உன் சூழ்ச்சி வானத்தைப் போல அகன்றது என்று அரசனை நேருக்கு நேர் புகழ்கிறார். இன்றைக்கு ஒரு மேடையில் யாராவது தலைவரைப் பார்த்து 'உங்கள் சூழ்ச்சிக்கு வானம்கூட ஈடாகாது' என்று பேசினால் கையிலிருக்கும் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு ஓர் அரசனிடம் இருக்க வேண்டிய ஐந்தில் ஒன்றாக எண்ணப்பட்டது, இன்று எதிரியின் மேல் மட்டுமே சுமத்தும் குற்றமாகிவிட்டது. சொற்கள் தாழ்ந்துபோவதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் பாடப்புத்தகங்கள் உடனே 'நாற்றம்' என்பார்கள். ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது, இப்போது துர்நாற்றம். அந்தக் கதை ஒரே வரியில் முடிந்துவிடும். சூழ்ச்சியின் கதை அப்படியல்ல. இந்தச் சொல் விழுந்த பாதையைப் பார்த்தால், ஆழ்ந்து யோசிப்பது என்பதைத் தமிழ் ஒரு காலத்தில் எப்படிப் படம் பிடித்து வைத்திருந்தது என்பது தெரியும்.

சொல்லின் அடி 'சூழ்'. சுழல், சுழி ஆகியவற்றோடு உறவுள்ளது. சுற்றி வருவது, வளைத்து நிற்பது என்பதுதான் கண்ணுக்குத் தெரியும் பொருள். கூட்டம் சூழ்ந்துகொண்டது, ஊரை வெள்ளம் சூழ்ந்தது, மேகம் சூழ்ந்து இருட்டிவிட்டது என்று இன்றும் சொல்கிறோம். சூழல், சூழ்நிலை, சுற்றுச்சூழல், சூழலியல் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். இதே வினைக்குப் பழந்தமிழில் இன்னொரு பொருளும் இருந்தது: எண்ணிப் பார்ப்பது, கலந்து ஆராய்வது. ஒரு விஷயத்தை மனம் சுற்றி வருவதுதான் சூழ்தல். ஒரு பக்கமாக நின்று பார்த்தால் அந்தப் பக்கம் மட்டுமே தெரியும். சுற்றி வந்தால்தான் பின்புறமும் தெரியும். அப்படிச் சுற்றிப் பார்த்து எழும் அறிவுக்குப் பெயர் சூழ்ச்சி.

ஆகவேதான் முடிநாகராயர் அதை வானத்தோடு வைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. வானம் எல்லாப் பக்கத்திலிருந்தும் நிலத்தைச் சூழ்ந்து நிற்பது. அவர் 'சூழ்ச்சியது அகலம்' என்றுதான் சொன்னார், ஆழம் என்று சொல்லவில்லை. நாம் இன்று நல்ல யோசனையை ஆழத்தால் அளக்கிறோம்: ஆழ்ந்த சிந்தனை, யோசனையில் மூழ்கிவிட்டார், ஆழமான கட்டுரை. ஆழ்தல் என்பது பழைய நூல்களில் முழுகிப்போவதற்கான சொல். ஆழ்வார் என்ற பெயருக்குப் பக்தியில் ஆழ்ந்தவர் என்று பொருள் சொல்வது மரபு. தன்னை மறந்து முழுகுவதற்கு அந்தச் சொல் பொருந்தும். நாட்டைப் பற்றி முடிவெடுக்க உட்கார்ந்திருக்கிற அரசன் தன்னை மறந்து முழுகிவிட்டால் நாடு என்ன ஆவது? அவனுக்கு வேண்டியது நாலு பக்கமும் பார்க்கிற அகலம்.

சூழ்ச்சியின் உள்ளடக்கம் என்ன என்பதற்குத் திருக்குறளைவிட நல்ல இடம் கிடையாது. தெரிந்துசெயல்வகை அதிகாரம் இந்தக் குறளோடுதான் தொடங்குகிறது:

'அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும்
ஊதியமும் சூழ்ந்து செயல்.'

'சூழ்ந்து செயல்' என்ற இரண்டு சொல்லைக் கடைசியில் வைத்துவிட்டு, எதையெல்லாம் சூழ வேண்டும் என்று முன்னால் கணக்கு விரிக்கிறார். முதலில், இந்தக் காரியத்தில் இறங்கினால் கையிலிருந்து எது போகும். அடுத்தது, எது வந்து சேரும். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது: வந்து சேர்ந்தது அப்படியே நின்றுவிடுமா, அல்லது அதன் வழியாகப் பின்னால் வேறு பலனும் கிடைக்குமா. செலவு, வரவு, வரவின் வரவு. இப்படி மூன்று பக்கத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகு செய். பொதுவாக 'யோசித்துச் செய்' என்று சொல்லிவிட்டுப் போகிற அறிவுரைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. எதை யோசிப்பது என்று இந்தக் குறள் சொல்லிவிடுகிறது. வியாபாரத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அரசியல் அதிகாரத்தில் உள்ள குறள் என்று நம்பவே மாட்டார்கள்.

அடுத்த குறளில் இன்னொரு விஷயம் சேர்கிறது. 'தெரிந்த இனத்தொடு தேர்ந்தெண்ணிச் செய்வார்க்கு' அரிய பொருள் என்று எதுவுமே இல்லை என்கிறார். தெரிந்தெடுத்த கூட்டத்தோடு சேர்ந்து ஆராய வேண்டும். சூழ்ச்சி தனியாக அறைக்குள் மோவாயில் கை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை. நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற வேலை. அந்த நாலு பேருக்குக் குறளில் பெயரே 'சூழ்வார்' என்பதுதான்:

'சூழ்வார்கண் ணாக ஒழுகலான் மன்னவன்
சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்.'

ஆலோசனை சொல்கிறவர்களின் கண்ணைக்கொண்டுதான் அரசன் உலகத்தைப் பார்க்கிறான். ஆகவே அவர்களைத் தேர்ந்தெடுப்பதே அவன் செய்ய வேண்டிய முதல் சூழ்ச்சி. 'சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்' என்பதை இன்றைய காதோடு கேட்டால் சதிகாரர்களைச் சதி செய்து பிடி என்பது போல இருக்கும். சொன்னது நேர் எதிர்: யோசிக்கத் தெரிந்தவர்களை யோசித்துத் துணையாக்கிக்கொள்.

சரி, எவ்வளவு நேரம் சூழ்ந்துகொண்டே இருப்பது? அதற்கும் விடை இருக்கிறது. வினைசெயல்வகை அதிகாரத்தின் முதல் குறள்:

'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு
தாழ்ச்சியுள் தங்குதல் தீது.'

துணிவு வந்துவிட்டால் சூழ்ச்சி முடிந்தது. இங்கே துணிவு என்றால் 'இதைத்தான் செய்யப்போகிறேன்' என்ற உறுதி. அந்த உறுதி வந்த பிறகும் காரியத்தைத் தள்ளிப்போட்டால் கெடுதல். என்னைக் கேட்டால், சூழ்ச்சி என்ற சொல்லுக்கு இருந்த தனிச்சிறப்பே இதுதான். சிந்தனைக்கு முடிவு கிடையாது. ஒருவர் ஆயுள் முழுக்கச் சிந்தனையிலேயே இருக்கலாம், அதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். சூழ்ச்சி ஒரு செயலை நோக்கிப் புறப்படுவது. செயலின் வாசலில் அது நின்றுவிட வேண்டும். அமைச்சு அதிகாரத்தின் கடைசிக் குறள், முறையாகச் சூழ்ந்தும் காரியத்தை முடிக்காமல் விட்டுவிடுகிற ஆட்களைச் சாடுவது இந்தக் காரணத்தால்தான். 'முறைப்படச் சூழ்ந்தும் முடிவிலவே செய்வர்' என்ற அடியைப் பல அலுவலகங்களின் கூட்ட அறையில் எழுதி மாட்டலாம்.

'சூழ்ச்சி முடிவு' என்று தொடங்கும் அந்த 671ஆம் குறளுக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் சூழ்ச்சிக்கு 'விசாரம்' என்று பொருள் சொல்கிறார். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் விளக்க வந்த சொல்லும் பிறகு அதே மாதிரி திசைமாறிப் போய்விட்டது. விசாரம் வடசொல். 'சர்' என்ற நடப்பதைக் குறிக்கும் வேரில் 'வி' சேர்ந்து வந்தது. பல பக்கமும் நடந்து பார்ப்பது என்பது அடிப்படைப் பொருள். சஞ்சாரம், ஆசாரம், சாரணர் எல்லாம் அந்த 'சர்' குடும்பம். தமிழ்ச் சொல் சுற்றி வருகிறது, வடசொல் பல பக்கமும் நடக்கிறது. இரண்டு மொழியிலும் யோசனைக்குக் கால் இருக்கிறது. பரிமேலழகர் தேர்ந்தெடுத்தது பொருளில் மட்டுமல்லாமல் படத்திலும் பொருந்துகிற சொல்.

ஆனால் பேச்சுத் தமிழில் விசாரம் என்ன ஆனது? 'முகம் ஏன் விசாரமாக இருக்கிறது' என்று கேட்டால் கவலையைத்தான் கேட்கிறார்கள். யோசித்து யோசித்து வருத்தத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. அதன் உடன்பிறப்பான 'விசாரி' நல்ல இடத்தில் குடியேறியது. 'அண்ணியை விசாரித்தேன் என்று சொல்லுங்கள்' என்பதில் அன்பு இருக்கிறது. இன்னொரு உடன்பிறப்பான 'விசாரணை' காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்விட்டது. பழைய பொருளில் விசாரம் உயிரோடு இருக்கிற இடம் ஆன்மிகம்தான். ரமண மகரிஷி சொன்ன ஆத்ம விசாரம் அதுவே. சிவப்பிரகாசம் பிள்ளை 1902 வாக்கில் கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகள் பின்னால் 'நான் யார்?' என்ற சிறு நூலாயின. அங்கே விசாரம் என்றால் வருத்தமும் இல்லை, போலீசும் இல்லை. ஒரே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு உள்ளே போவது.

கவலைக்கும் இதே மாதிரி ஒரு பாதைக் கதை உண்டு. சங்கப் பாட்டுகளில் கவலை என்றால் பிரிகிற வழி, கிளைவழி. ஒரு பாதை இரண்டாகக் கவைத்துப் பிரிகிற இடத்தில் நிற்பவனுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாத தவிப்பு இருக்கும். மனம் அப்படிப் பிரிந்து நிற்பதையும் கவலை என்றார்கள்.

இப்போது விழுந்த கதைக்கு வருவோம். சூழ்ச்சி எப்படிக் கெட்டது?

விதை குறளிலேயே கிடக்கிறது என்று சிலர் சொல்வார்கள். தீவினையச்சத்தில் வரும் குறளைக் காட்டுவார்கள்:

'மறந்தும் பிறன்கேடு சூழற்க சூழின்
அறஞ்சூழும் சூழ்ந்தவன் கேடு.'

அடுத்தவனுக்குக் கேடு நினைப்பதைச் சூழ்தல் என்றே சொல்கிறாரே, அப்படியானால் அப்போதே கெட்ட பொருள் இருந்திருக்கிறதே என்பது வாதம். பாட்டை மெதுவாகப் படித்தால் வாதம் நிற்காது. நாலு இடத்தில் சூழ் வருகிறது. அதில் ஒரு இடத்தில் சூழ்வது யார்? அறம். 'அறஞ்சூழும்.' சூழ்தல் என்ற வினையிலேயே கெடுதல் இருந்தால் அறமும் சதிகாரனாகிவிடும். வள்ளுவர் அப்படிச் சொல்ல வாய்ப்பில்லை. கெட்டது எது என்றால் 'கேடு' என்ற செயப்படுபொருள். வினை வெறுமனே எண்ணுவது. நல்லதைச் சூழலாம், கெட்டதையும் சூழலாம். கத்தியைக் குறை சொல்லாமல் கையைக் குறை சொல்கிறது குறள்.

அப்படியே ஊழ் அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பார்த்தால் பொருள் ஒரு படி நகர்ந்திருக்கும். 'ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று சூழினும் தான்முந் துறும்.' விதியை விலக்க வேறொரு வழியைச் சூழ்ந்தாலும் விதி முந்திக்கொள்ளும். இங்கே சூழ்வது வெறும் ஆராய்ச்சி இல்லை. தப்பிக்க ஒரு உபாயம் தேடுவது. யோசனை, பிறகு உபாயம், பிறகு தந்திரம், கடைசியில் சதி. நாலு படிக்கட்டு. சொல் ஒரே நாளில் குதித்து விழவில்லை, ஒவ்வொரு படியாக இறங்கியிருக்கிறது.

கம்பராமாயணத்தின் அயோத்தியா காண்டம் இந்தப் படிக்கட்டைப் படலப் பெயரிலேயே காட்டுகிறது. முதல் படலம் மந்திரப் படலம். தசரதன் அமைச்சர்களையும் முனிவர்களையும் கூட்டி வைத்து, இராமனுக்கு முடிசூட்டலாமா என்று கேட்கிறான். பழைய பொருளில் பார்த்தால் அதுதான் சூழ்ச்சி: அரசன், சூழ்வார், கலந்துரை, துணிவு, எல்லாம் இருக்கிறது. ஆனால் அதற்குச் சூழ்ச்சி என்ற பெயர் கிடைக்கவில்லை. அடுத்த படலத்துக்குத்தான் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது: மந்தரை சூழ்ச்சிப் படலம். அதற்கும் அடுத்தது கைகேயி சூழ்வினைப் படலம். அரசவையில் எல்லோரும் அறியப் பேசியது மந்திரம். அந்தப்புரத்தில் காதோடு பேசியது சூழ்ச்சி. சூழ் என்ற அடி அரண்மனையின் முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டது.

ஏன் மாறியது என்பதற்கு எனக்குத் தோன்றுகிற காரணங்களில் முதலாவது, இரகசியம். அரசனும் அமைச்சர்களும் கூடிப் பேசுவது வெளியே தெரியக் கூடாது. உள்ளே இருப்பவர்களுக்கு அது பொறுப்பான ஆலோசனை. வெளியே நிற்கிறவர்களுக்கு, மூடிய கதவுக்குப் பின்னால் ஏதோ திட்டம். ஒரே கூட்டத்துக்கு இரண்டு பெயர் வைக்க அது போதும். இரண்டாவது, பேச்சின் பொருள். அரசவையில் பெரும்பாலும் பகைவனைப் பற்றித்தான் பேசினார்கள். யாரைப் பற்றிச் சூழ்ந்தார்களோ அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் சூழ்ச்சி என்றைக்குமே சதிதான். மூன்றாவது, சொல்லுக்குள்ளேயே இருக்கிற படம். சூழ்வது சுற்றிப் பார்ப்பது மட்டுமா? கோட்டையைப் படை சூழ்கிறது, மானை வேட்டைக்காரர்கள் சூழ்கிறார்கள். வளைத்துப் பிடிப்பது என்ற நிழல் எப்போதும் அந்த வினையின் பின்னால் நின்றுகொண்டிருந்தது. சந்தர்ப்பம் கிடைத்ததும் முன்னால் வந்துவிட்டது.

இந்த மூன்றும் மட்டும் இருந்தால் சொல் இரண்டு பொருளோடும் வாழ்ந்திருக்கலாம். நல்ல பொருளைத் தூக்கிக்கொண்டு போக வேறு சொற்கள் வந்ததுதான் உண்மையான திருப்பம். ஆலோசனை, யோசனை, சிந்தனை, விசாரம் என்று வடசொற்கள் ஒவ்வொன்றாக வந்து யோசிக்கிற வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. மிஞ்சிய கெட்ட பாதி பழைய சொல்லின் தலையில் விழுந்தது.

தமிழ்ச் சொல் என்பதால்தான் தாழ்ந்துபோனது என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வடசொல்லுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. தந்திரம் என்றால் முதலில் நூல், நெறி, நூலின் பகுதி. திருமூலரின் திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாகத்தான் பகுக்கப்பட்டிருக்கிறது. இன்று தந்திரக்காரன் என்று ஒருவரைச் சொன்னால் அவர் திருமந்திரம் படித்தவர் என்று யாரும் நினைப்பதில்லை. மந்திரமும் அப்படியே: இரகசிய ஆலோசனை என்ற பொருள் மந்திரி என்ற பதவிப் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மந்திரம் என்ற சொல் பூசைக்கும் மாயாஜாலத்துக்கும் போய்விட்டது. எதிர்ப்பக்கம் உத்தி என்ற சொல்லைப் பாருங்கள். தொல்காப்பியமும் நன்னூலும் நூல் எழுதுவதற்கு 32 உத்திகள் சொல்கின்றன. அந்தச் சொல் கெடவே இல்லை. இன்று கிரிக்கெட் அணித்தலைவரின் உத்தி என்று பத்திரிகையில் பாராட்டாக எழுதுகிறார்கள். அதே அணித்தலைவரின் சூழ்ச்சி என்று எழுதினால் வழக்குப் போடுவார்.

இடத்தைப் பிடித்துக்கொண்ட சொற்களுக்கும் பழைய வாழ்க்கை உண்டு. யோசனை நமக்கு நினைப்பு, இராமாயணத்தில் தூரம். அனுமன் தாண்டிய கடல் நூறு யோசனை. 'யுஜ்' என்ற பூட்டுவதைக் குறிக்கும் வேரிலிருந்து இரண்டும் வந்தவை: மாட்டை நுகத்தில் பூட்டினால் ஒரு பூட்டில் போகிற தூரம் ஒரு யோசனை, எண்ணத்தோடு எண்ணத்தைப் பூட்டினால் அதுவும் யோசனை. இந்தியில் இதே சொல்லுக்குத் திட்டம் என்று பொருள். சிந்தனையின் உறவுக்காரர்கள் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் கவலையைக் குறிக்கிறார்கள். தமிழும் மலையாளமும் அதை நினைப்பாகவே வைத்துக்கொண்டன. விசாரத்தை வருத்தமாக்கிய நாம் சிந்தனையைக் காப்பாற்றியது எப்படி என்று யோசித்தால், ஒருவேளை வருத்தத்துக்கு ஒரு சொல் போதும் என்று விட்டுவிட்டோமோ என்னவோ.

இதில் எனக்கு மிகவும் வேடிக்கையாகத் தெரிவது மனனம். வேதாந்தத்தில் மூன்று படி சொல்வார்கள்: சிரவணம், மனனம், நிதித்தியாசனம். கேட்பது, கேட்டதை மனத்தில் போட்டு ஐயம் தீர ஆராய்வது, பிறகு அதிலேயே நிலைப்பது. பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்குச் சொல்வது இந்த வரிசை. சைவ சித்தாந்தம் இதைத் தமிழில் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்று நாலாக விரித்தது. அந்த மனனம், அதாவது கேட்டதை அப்படியே ஏற்காமல் கேள்வி கேட்டுப் பார்க்கிற நிலை, நம் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் என்ன ஆயிற்று? பாட்டை மனனம் செய் என்றால் கேள்வி கேட்காமல் உருப்போடு என்று பொருள். சூழ்ச்சி விழுந்ததில் ஒரு வரலாற்று நியாயம் தெரிகிறது. மனனம் விழுந்த விதம் கிண்டல் போல இருக்கிறது.

சூழ் என்ற வினைக்கும் சூழ்ச்சி என்ற பெயருக்கும் நடந்த பாகப்பிரிவினையையும் கவனிக்க வேண்டும். வினை, இடத்தைச் சார்ந்த பொருளை மட்டும் எடுத்துக்கொண்டது. 'நான் சூழ்ந்தேன்' என்று இன்று சொன்னால் யாரும் யோசித்தேன் என்று புரிந்துகொள்ள மாட்டார்கள். எதைச் சூழ்ந்தாய் என்று கேட்பார்கள். பெயர்ச்சொல், மனத்தைச் சார்ந்த பொருளை மட்டும் எடுத்துக்கொண்டது. மேகத்தின் சூழ்ச்சி, வெள்ளத்தின் சூழ்ச்சி என்று சொன்னால் கவிதை எழுதுகிறீர்களா என்பார்கள். சூழ்ச்சி செய்ய மனம் வேண்டும். ஆக, சூழ்தல் ஒரு காலத்தில் யோசிப்பதாக இருந்தது என்பதற்கு இன்றைய மொழியில் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி, சதி என்ற பொருளில் வழங்கும் அந்தப் பெயர்ச்சொல்தான்.

தப்பிப் பிழைத்த சொற்களும் இருக்கின்றன. அவை தப்பியதற்குக் காரணம், கையால் செய்கிற வேலையோடு கட்டிப்போடப்பட்டிருந்தது என்று நினைக்கிறேன். 'ஆய்' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். முறத்தில் கீரைக்கட்டை அவிழ்த்து வைத்துக்கொண்டு, பழுத்த இலையைக் கிள்ளி எறிந்து, பூச்சி அரித்ததை ஒதுக்கி, தண்டின் நாரை உரித்து, நல்லதை மட்டும் ஒரு பக்கம் சேர்ப்பதற்குக் கீரை ஆய்வது என்று பெயர். பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் செலவழித்துப் பட்டம் வாங்குகிற ஆய்வும் அதே வினைதான். ஆராய்ச்சி மணி, ஆய்வாளர், ஆய்வகம் எல்லாம் அந்த முறத்திலிருந்து வந்தவை என்று சொன்னால் சில ஆய்வாளர்களுக்குக் கோபம் வரலாம். 'தூக்கு' என்பதும் இப்படியே. தராசைத் தூக்கிப் பார்ப்பதுதான் சீர்தூக்கிப் பார்ப்பது. லத்தீனிலும் எடை போடுகிற வினையிலிருந்தே நினைப்பதற்கான வினை பிறந்தது. யோசனையில் தோய்ந்திருப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள 'பென்சிவ்' அந்த வழியில் வந்த சொல். எண்ணுவது தமிழில் கணக்குக்கும் பொது, நினைப்புக்கும் பொது. ஆய்வதும் தூக்குவதும் எண்ணுவதும் பட்டப்பகலில் எல்லோர் முன்னாலும் நடக்கிற வேலை. அவற்றுக்கு மூடிய கதவு தேவைப்படவில்லை. ஆகவே சந்தேகமும் ஒட்டவில்லை.

தேர்தலும் அந்த வரிசைதான். ஆராய்ந்து தெளிவதற்குத் தேர்தல் என்று பெயர். அது இன்று தேர்வாகிப் பள்ளிக்கூடத்திலும், தேர்தலாகி வாக்குச்சாவடியிலும் நிற்கிறது. அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் எவ்வளவு எடை இருந்தது என்று தெரிய வேண்டுமானால் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதைக்குப் போக வேண்டும். பொற்கொல்லன் சொன்னதை நம்பிய பாண்டியன், சுற்றிப் பார்க்கவில்லை, யாரையும் கூட்டிக் கேட்கவில்லை, கோவலன் வெட்டுப்பட்டான். அதைச் சொல்லும்போதே இளங்கோ 'சினையலர் வேம்பன் தேரான் ஆகி' என்று அரசனின் குற்றத்தை ஒரே சொல்லில் குறித்துவிடுகிறார். பிறகு ஒற்றைச் சிலம்போடு கண்ணகி அவைக்கு வருகிறாள். அவள் அரசனைக் கொலைகாரன் என்றோ கொடியவன் என்றோ அழைக்கவில்லை. 'தேரா மன்னா, செப்புவது உடையேன்' என்கிறாள். யோசிக்காத அரசனே. அவனுடைய சிம்மாசனத்தைப் பறிக்க அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. முரஞ்சியூர் முடிநாகராயர் உதியஞ்சேரலாதனிடம் எதைக் கண்டு வானத்தோடு ஒப்பிட்டாரோ, அது இல்லாத அரசன் இவன்.

பழைய நூல்களைப் படிக்கிறவர்களுக்கு இதனால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. சூழ் வருகிற இடத்தில் உடனே சதி என்று முடிவு கட்டாமல், சூழப்படுவது எது என்று முதலில் பார்க்க வேண்டும். ஊர், படை, கடல், மதில் என்றால் சுற்றி நிற்பது. கேடு, பழி என்றால் தீய எண்ணம். ஊதியம், வினை, துணை என்றால் நல்ல ஆலோசனை. எதுவுமே இல்லாமல் சும்மா வந்தால் பெரும்பாலும் பொதுவான யோசனை. இன்றைய உரைகள் பெரும்பாலும் 'ஆராய்தல்', 'எண்ணுதல்' என்று மாற்றிக் கொடுத்துவிடுவதால் சிக்கல் தெரிவதில்லை. மூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு படிக்கிறவர்கள்தான் இடறுவார்கள்.

அதிலும் குடிசெயல்வகையில் வரும் குறள் நன்றாகவே இடற வைக்கும். 'சூழாமல் தானே முடிவெய்தும் தம்குடியைத் தாழாது உஞற்று பவர்க்கு.' சூழாமல் என்பதைச் சதி செய்யாமல் என்று படித்தால், நேர்மையாக உழைத்தால் வெற்றி என்று ஒரு நீதி கிடைத்துவிடும். சுவரில் எழுதக்கூட வசதியானது. வள்ளுவர் சொன்னது அதைவிட விசித்திரமானது. சூழ்ந்து செய் என்று அதிகாரம் அதிகாரமாகச் சொல்லி வந்தவர், தன் குடியை உயர்த்துவதற்காக இடைவிடாமல் உழைக்கிறவனுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறார்: அவன் உட்கார்ந்து யோசிக்கவே வேண்டாம், காரியம் தானாக முடியும்.